திராட்சைத் தோட்டத்திலிருந்து பனந்தோப்பு வரை: வழங்கற் சங்கிலி எமக்குக் கற்றுத்தரும் பாடங்கள்

(டுசல்டோர்ஃப் நகரில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையின் தலைப்பைக் கேட்டவுடன் சில பெற்றோர்களின் முகத்தில் வியப்புத் தோன்றியதைக் கண்டேன். வைன் தொழிலைப் பற்றித் தமிழ்ப் பிள்ளைகள் கூடியிருக்கும் மண்டபத்தில் ஏன் பேசவேண்டும்? திருக்குறளிலே கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே இருக்கின்றது. எவரையும் மது அருந்தத் தூண்டுவதற்காக நான் இங்கு வரவில்லை. ஒரு பொருள் அது விளையும் நிலத்திலிருந்து அதை வாங்குபவரின் கைக்கு வந்துசேரும் வரையில் எத்தனை கைகளைக் கடக்கின்றது, அவ்வழியில் எங்கே அறுந்துபோகின்றது என்பதை விளக்க, நாம் வாழும் இந்த றைன் நதிக்கரையில் வைனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அதைப் புரிந்துகொண்டால், எமது தாயகத்துப் பனங்கட்டி ஏன் இந்நகரத் தமிழ்க் கடையில் ஒரு மாதம் இருந்து மறுமாதம் காணாமற் போகின்றது என்பதும் புரியும்.

இந்த வணிகம் எமக்குப் புதியதுமன்று. யவனர் கொணர்ந்த தேறல் பற்றிய குறிப்பு புறநானூற்றிலே உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வைன் கொண்டுவந்த இருகைச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அந்தச் சாடிகள் செங்கடல் துறைமுகங்களில் கப்பலேறி, பருவக்காற்றுக்காகக் காத்திருந்து, எமது கடற்கரையை அடைந்தன. காற்றுத் தவறினால் ஓராண்டு தவறும். அதேபோல மோசல் நதிக்கரையிலுள்ள நொய்மாகன் என்னும் ஊரில், வைன் பீப்பாக்களை ஏற்றிய கப்பலொன்றின் கற்சிற்பம் 1878ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. உரோமர் காலத்து வணிகர் ஒருவரின் கல்லறையை அலங்கரித்த சிற்பம் அது. வழங்கற் சங்கிலி என்ற சொல் புதியது. அந்தத் தொழில் மிகப் பழையது.

வழங்கற் சங்கிலி என்றால் என்ன?

பயிரிடுவோர், பிழிந்து நொதிக்க வைப்போர், போத்தலில் அடைப்போர், கொண்டுசெல்வோர், களஞ்சியத்தில் வைத்திருப்போர், விற்போர், வாங்குவோர் என்று நீளும் தொடரையே வழங்கற் சங்கிலி என்கின்றோம். இத்தொடரில் பொருள் ஒரு திசையிலும் பணம் எதிர்த்திசையிலும் செல்கின்றன. தகவல் மட்டும் இரு திசைகளிலும் செல்லவேண்டும். சரியான பொருள், சரியான அளவில், சரியான நேரத்தில், கெடாமல், தாங்கக்கூடிய செலவில் சென்றடைகின்றதா என்பதே அதன் செயற்றிறனை அளக்கும் கோல். அந்தச் செயற்றிறனைத் தீர்மானிக்கும் காரணிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது: இயற்கையும் காலமும்

யேர்மனியில் 13 வைன் விளைநிலப் பிரதேசங்கள் உள்ளன. மொத்தத் திராட்சை நிலம் ஒரு இலட்சம் ஹெக்டேயருக்குச் சற்று அதிகம். மோட்டார் வாகனத் தொழிற்சாலை தேவைக்கேற்ப உற்பத்தியைக் கூட்டலாம், குறைக்கலாம். திராட்சைத் தோட்டத்தில் அறுவடை ஆண்டுக்கு ஒருமுறைதான். புதிதாக நட்ட கொடி பயன்தர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செல்லும். இன்று சந்தை கேட்பதை இன்று நடமுடியாது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் சில இரவுகள் உறைபனி பெய்தது. கிழக்கே சாக்சன், சாலே-உன்ஸ்ட்ரூட் பிரதேசங்களில் அவ்வாண்டு விளைச்சலின் பெரும்பகுதி அழிந்தது. சில இரவுகளின் குளிர் ஓராண்டு வருமானத்தைக் கொண்டுபோயிற்று.

எனவே, இத்தொழிலில் கையிருப்பு என்பது வீண்செலவு அன்று, அது காப்புறுதி. நல்ல ஆண்டின் விளைச்சலைச் சேமித்துவைத்துக் கெட்ட ஆண்டைக் கடப்பவரே நிலைத்து நிற்கின்றார்.

இரண்டாவது: போத்தல்

உள்ளே இருக்கும் பொருளைப் பற்றியே எல்லோரும் சிந்திக்கின்றோம். அதைச் சுமக்கும் கண்ணாடியை மறந்துவிடுகின்றோம். இந்நகரின் கெரெஸ்ஹைம் பகுதியில் உங்களிற் பலர் வசிக்கின்றீர்கள். அங்கே 1864ஆம் ஆண்டு பெர்டினான்ட் ஹையே என்பவர் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். தொடருந்துப் பாதையும் றூர் பிரதேசத்து நிலக்கரியும் அருகில் இருந்தமையால் அது வேகமாக வளர்ந்து, ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய போத்தல் தொழிற்சாலையாக விளங்கியது. 2005ஆம் ஆண்டு அது மூடப்பட்டது.

இங்கு எமது இளையோர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அத்தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தோரிற் பெரும்பாலானோர் கிழக்குப் பிரசியா, பால்டிக் கரை முதலான தொலைதூரப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தமது குடியிருப்பிலே தமக்கெனக் கலப்புப் பேச்சுமொழி ஒன்றை வளர்த்துக்கொண்டார்கள். அதற்கு 'ஹொட்டர் பிளாட்' என்று பெயர். தலைமுறைகளாக வாழ்ந்த அம்மொழி இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. தொழிற்கூடமும் குடியிருப்பும் கலைந்தபோது மொழியும் கலைந்தது. ஒரு தொழிற்சங்கிலி அறும்போது பொருள் மட்டும் அறுவதில்லை என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேடவேண்டியதில்லை.

கண்ணாடி உலை ஏறத்தாழ 1500 பாகை வெப்பத்தில் இரவு பகலாக எரியவேண்டும். நினைத்தவுடன் அணைக்க முடியாது. 2022ஆம் ஆண்டு உக்ரைன் போர் தொடங்கியபோது எரிவாயு விலை பன்மடங்கு உயர்ந்தது. கீவ் நகருக்கு அருகே ஹொஸ்டோமெலில் இருந்த பெரிய கண்ணாடித் தொழிற்சாலையும் போரிற் சேதமடைந்து நின்றுபோனது. அதன் விளைவாக, மோசல் நதிக்கரைச் சிறு விவசாயி ஒருவர் வைன் ஆயத்தமாக இருந்தும் போத்தலுக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை உருவானது. சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே ஆகும்.

மூன்றாவது: போக்குவரத்து

உலகிலே அதிகமாக வைன் இறக்குமதி செய்யும் நாடுகளில் யேர்மனியும் ஒன்று. சிலி, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து வருவதில் பெரும்பகுதி போத்தலில் வருவதில்லை. 20 அடிக் கொள்கலனுக்குள் விரிக்கப்படும் பெரிய நெகிழிப் பையில் 24,000 லீற்றர் வைனை நிரப்பலாம். அது 32,000 போத்தல்களுக்குச் சமன். அதே கொள்கலனில் போத்தல்களாக அடுக்கினால் சுமார் 12,000 அல்லது 13,000 மட்டுமே கொள்ளும். ஆகவே கண்ணாடியைக் கடல்கடந்து சுமக்காமல், இங்கு வந்தபின் அடைக்கின்றார்கள். கணக்குத் தெரிந்தவர் செலவைக் குறைக்கின்றார்.

ரொட்டர்டாம், அன்ட்வேர்ப் துறைமுகங்களில் இறங்கும் கொள்கலன்களில் ஒரு பகுதி றைன் வழியாக உள்நாட்டிற்கு வருகின்றது. எமக்கு அருகிலுள்ள டுயிஸ்பூர்க், ஐரோப்பாவின் மிகப்பெரிய உள்நாட்டுத் துறைமுகம். ஆயினும் நதியும் வற்றும். 2018ஆம் ஆண்டு ஒக்ரோபரில் கவுப் என்னும் இடத்து நீர்மட்ட அளவுகோல் 25 சென்ரிமீற்றரைக் காட்டியது. கப்பல்கள் தமது கொள்ளளவின் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றிச் சென்றன. 2022 ஆகஸ்டிலும் நீர்மட்டம் மிகத் தாழ்ந்தது. ஒரேயொரு வழியை மட்டும் நம்பியிருந்தோர் அந்நாட்களிற் பெரிதும் இடருற்றனர்.

நான்காவது: தகவல்

கணினித் துறையில் இருப்பவன் என்ற முறையில் இக்காரணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பல்பொருள் அங்காடிகளில் கழிவறைத் தாள் காணாமற்போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மக்கள் ஒன்றுக்கு மூன்றாக வாங்கினர். கடைக்காரர் அதைக் கண்டு ஐந்தாகக் கேட்டார். மொத்த வணிகர் எட்டாகக் கேட்டார். நுனியில் ஏற்படும் சிறு அசைவு அடியை நோக்கிச் செல்லச் செல்லப் பெரிதாகிவிடுகின்றது. சாட்டையைச் சொடுக்கும்போது கையின் சிறு அசைவு நுனியிற் பேரசைவாவது போன்றதனால், இதனைச் சாட்டை விளைவு என்பர். ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவர் கேட்பதை மட்டும் பார்த்து, இறுதியில் வாங்குபவரின் உண்மைத் தேவையைப் பாராதிருப்பதே இதற்குக் காரணம்.

எனது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கின்றேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், பானங்களை மொத்தமாக விற்கும் நிறுவனம் ஒன்றின் களஞ்சிய மென்பொருளைப் பராமரிக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. அங்கே ஒரு பெட்டி என்பது ஆறு போத்தல்கள். புதிதாக இணைந்த ஒரு விற்பனையாளர் தமது இருப்பைப் போத்தல் கணக்கில் அனுப்பினார். எனது நிரல் அதைப் பெட்டிக் கணக்காக வாசித்தது. 200 பெட்டிகள் இருந்த இடத்தில் திரையில் 1,200 என்று காட்டியது. நத்தார் விற்பனைக்காக அந்த எண்ணை நம்பி வாடிக்கையாளர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது.

அக்களஞ்சியத்தில் இருபது ஆண்டுகளாகப் பெட்டி அடுக்கிவந்த எமது ஊர் ஐயா ஒருவர் இருந்தார். நவம்பர் மாதத்திலேயே அவர் என்னிடம் வந்து, "தம்பி, உங்கட கணினி சொல்லுற பெட்டி இங்க இல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். நான் சிரித்துக்கொண்டு, "ஐயா, வேறொரு வரிசையில் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டிசம்பர் இரண்டாவது வாரத்தில் பாரவூர்திகள் வெறுமையாகத் திரும்பின. அன்றிரவு அவரோடு சேர்ந்து ஒவ்வொரு வரிசையாக எண்ணினேன். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்றும் வலிக்கின்றது.

அவருக்கு யேர்மன் மொழி சரளமாக வராது என்பதனால் இருபது ஆண்டுகளாக எவரும் அவரிடம் கருத்துக் கேட்டதில்லை. அவர் மொழியைப் பேசும் நானும் கேட்கவில்லை. இங்கு அமர்ந்திருக்கும் பெற்றோர்களிற் பலர் களஞ்சியங்களிலும் உணவகச் சமையலறைகளிலும் பாரவூர்திகளிலும் உழைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தீர்கள். நீங்கள் கண்ணாற் கண்டு அறிந்த அந்த அறிவு, எந்த மென்பொருளிலும் இல்லாத தகவல். பிள்ளைகளே, உங்கள் அப்பாவிடமும் அம்மாவிடமும் அவர்களுடைய வேலை எவ்வாறு நடக்கின்றது என்று ஒருநாள் அமர்ந்து கேளுங்கள்.

ஐந்தாவது: நம்பிக்கை

1985ஆம் ஆண்டு ஒஸ்திரிய நாட்டு வைன்களில் டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் இரசாயனம் கலக்கப்பட்டிருந்தமை வெளிவந்தது. சிலர் செய்த கலப்படத்தினால் அந்நாட்டு ஏற்றுமதியே சரிந்து, மீண்டெழப் பல ஆண்டுகள் சென்றன. குற்றமற்ற விவசாயியும் சேர்ந்தே தண்டிக்கப்பட்டார்.

நம்பிக்கையைக் காப்பது பேச்சினால் அன்று, பதிவினால். யேர்மன் தர வைன் போத்தல் ஒவ்வொன்றிலும் அரச பரிசோதனை எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த இந்த எண்ணிலிருந்து, எந்த நிலையத்தில், எந்த ஊரின் எந்த உற்பத்தியாளருடைய எத்தனையாவது தொகுதி, எந்த ஆண்டில் பரிசோதிக்கப்பட்டது என்று கண்டறியலாம். 2005ஆம் ஆண்டு முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த உணவு வணிகரும் தாம் யாரிடம் வாங்கினார், எந்த வணிகருக்கு விற்றார் என்று காட்டக்கூடியவராக இருக்கவேண்டும். 2023 டிசம்பர் 8ஆம் திகதிக்குப் பின் உற்பத்தியாகும் வைனுக்கு, உட்பொருட்களின் விபரமும் தரப்படவேண்டும். அதனைச் சதுரக் குறியீட்டின் மூலம் கைத்தொலைபேசியிற் படிக்கச் செய்யலாம்.

ஆறாவது: ஒற்றுமை

யேர்மனியில் வைன் பெரும்பாலும் பல்பொருள் அங்காடிகளிலும் மலிவு விலை அங்காடிகளிலுமே விற்பனையாகின்றது. அவ்வளவு பெரிய கொள்வனவாளருக்கு முன்னால் ஓரிரு ஹெக்டேயர் நிலமுள்ள விவசாயி தனித்து நின்று விலைபேச முடியாது. இதனை ஆர் நதிப் பள்ளத்தாக்கின் மக்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்தனர். மைஷோஸ் என்னும் சிற்றூரில் 1868ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வைன் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம், உலகிலேயே மிகப் பழைமையானதாகக் கருதப்படுகின்றது.

அதே பள்ளத்தாக்கில் 2021 ஜூலை 14ஆம் திகதி இரவு பெருவெள்ளம் புகுந்தது. 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 560 ஹெக்டேயர் மட்டுமே கொண்ட அச்சிறு பிரதேசத்தின் வைன் நிலவறைகளும் இயந்திரங்களும் சேற்றில் மூழ்கின. அறுவடைக்கோ சில வாரங்களே இருந்தன. ஏனைய பிரதேசங்களின் விவசாயிகள், சந்தையில் போட்டியாளர்களாக இருந்தோர், தமது உழவு இயந்திரங்களோடு வந்து உதவினர். சேறு படிந்த போத்தல்களைக் கழுவாமலே 'வெள்ள வைன்' என்று பெயரிட்டு இணையம் வழியாக வழங்கினர். 40 இலட்சம் யூரோக்களுக்கு மேல் நிதி திரண்டது.

அழிவிலும் அவர்களைக் காத்தது எது? முன்பே கட்டப்பட்டிருந்த உறவுகள். வெள்ளம் வந்தபின் கூட்டுறவு அமைக்க முடியாது.

பனந்தோப்புக்கு வருவோம்

இப்போது எமது பனையை இச்சங்கிலியில் வைத்துப் பாருங்கள். திராட்சை மூன்று ஆண்டுகளிற் பயன்தரும். பனைக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். போரிலே பெருந்தொகையான பனைகள் அழிந்தமையால் அந்த இழப்பை ஒரு தலைமுறைக் காலத்திற்கு உணரவேண்டியுள்ளது. திராட்சை ஆண்டுக்கொரு முறை அறுவடை. பனையிலே தொழிலாளி காலையும் மாலையும் ஏறவேண்டும். இறக்கிய சாறு சில மணி நேரத்தில் நொதித்துவிடும். முட்டியிற் சுண்ணாம்பு தடவினால்தான் அது கருப்பணியாக நின்று பனங்கட்டியாகும். ஆகவே பனையின் சங்கிலி வைனின் சங்கிலியைவிடக் கடினமானது. கூட்டுறவுச் சங்கங்கள் அங்கு இருக்கின்றன; 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை இருக்கின்றது; திக்கத்தில் வடிசாலை அமைந்தது. அடிப்படை இல்லாமல் இல்லை. கண்ணிகள் இணையாமையே குறை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மவர் சிலர் ஒன்றுசேர்ந்து பனங்கட்டியும் ஒடியல் மாவும் இங்கு தருவித்தனர். முதற் தொகுதி இரண்டு வாரத்தில் விற்றுத் தீர்ந்தது. மகிழ்ந்தோம். இரண்டாவது தொகுதி வர எட்டு மாதங்கள் சென்றன. வந்தபோது ஈரப்பதம் புகுந்து பனங்கட்டி இளகியிருந்தது. சுட்டியில் யேர்மன் மொழியில் உட்பொருட்கள் இல்லை. தொகுதி எண் இல்லை. இறக்குமதியாளர் முகவரியும் இல்லை. சட்டப்படி விற்கமுடியாமல் எறிந்தோம். அதை அனுப்பிய பெண்கள் குழுவுக்கு அடுத்த கொள்வனவு கிடைக்கவில்லை. பிழை அவர்களுடையதன்று. என்ன வேண்டும் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை. தகவல் என்னும் கண்ணி எம்மிடத்தில்தான் அறுந்தது.

முதற் பெட்டியை ஊர்ப்பற்று விற்றுவிடும். பத்தாவது பெட்டியைத் தரமும் தவறாத வருகையுமே விற்கும். ஆகவே நாம் செய்யக்கூடியவற்றை நான்காகத் தருகின்றேன்.

1. ஆண்டு தொடங்கும்போதே எத்தனை குடும்பம், எந்த மாதம், எவ்வளவு வாங்கும் என்று கணக்கெடுத்து அனுப்புதல். அனுதாபக் கொள்வனவு வேண்டாம். உறுதிசெய்த கொள்வனவு வேண்டும்.

2. சுட்டி, தொகுதி எண், காலாவதித் திகதி ஆகியவற்றுக்கான மாதிரியை இளையோர் இங்கேயே தயாரித்துக் கொடுத்தல். இது ஒரு வார இறுதி வேலை.

3. ஒரே ஒரு பொருளுடன் தொடங்குதல். விரைவிற் கெடாத, எடை குறைந்த ஒடியல் மா போன்றதே முதலிற் பொருத்தம்.

4. முற்பணம் கொடுத்தல். ஆறு மாதம் கழித்துப் பணம் பெறும் நிலையில் மரமேறும் குடும்பம் காத்திருக்க முடியாது.

இளையோருக்கும் பெற்றோருக்கும்

பெற்றோர்களே, மருத்துவர், பொறியியலாளர், சட்டத்தரணி என்ற மூன்று சொற்களுக்குள் பிள்ளைகளின் எதிர்காலத்தை அடைத்துவிடாதீர்கள். நானும் பொறியியல் படித்தவன்தான். ஆனால் பெட்டி அடுக்கிய ஐயாவிடமே பொறியியலின் முதற்பாடத்தைக் கற்றேன். டோர்ட்முண்டிலே பொருளோட்டம் பற்றி ஆராயும் பிரவுன்ஹோபர் நிறுவனம் இருக்கின்றது. கைசன்ஹைமில் 1872இல் தோன்றிய உயர்கல்விக்கூடம் திராட்சைச் செய்கையையும் பான வணிகத்தையும் கற்பிக்கின்றது. களஞ்சிய வழங்கலுக்கெனத் தொழிற்பயிற்சியும் உண்டு. இவை குறைந்த படிப்புகள் அல்ல.

எந்த நிலையும் நிரந்தரமன்று என்பதையும் இந்நகரே காட்டுகின்றது. 1994இல் தொடங்கிய புரோவைன் கண்காட்சி, 2019இல் 60,000க்கும் மேற்பட்ட வணிகர்களை டுசல்டோர்ஃப் நகருக்கு ஈர்த்தது. 2020, 2021 ஆண்டுகளில் நோய்த்தொற்றினால் அது நடைபெறவில்லை. 2025இல் வந்தோர் ஏறத்தாழ 42,000. பாரிஸ் கண்காட்சி வளர்ந்துவிட்டது. 2024இல் உலகின் வைன் நுகர்வு 1961க்குப் பின் மிகக் குறைந்த அளவை அடைந்தது. அருந்துவோர் குறைவது உடல்நலத்துக்கு நன்மையாயினும், அதை நம்பி வாழ்வோர் மாற்றுவழி தேடத்தான் வேண்டும். மாற்றத்தை முன்னரே அறிந்தவர் தப்புவார்.

அந்த ஐயா இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். சென்ற மாதம் அவரைச் சந்தித்து இவ்வுரையைப் பற்றிச் சொன்னேன். "தம்பி, பெட்டியை எண்ணச் சொல்லிக் குடுங்கோ. மிச்சத்தைப் பிள்ளையள் தாங்களாப் பிடிச்சுக்கொள்ளுவினம்" என்றார். உரை முடிந்ததும் அந்த மேசையில் ஒரு தாள் இருக்கும். ஆண்டுக்கு எத்தனை கிலோ ஒடியல் மா உங்கள் வீட்டுக்குத் தேவை என்பதை எழுதிவிட்டுச் செல்லுங்கள். எண்ணுவதிலிருந்து தொடங்குவோம்.